உங்களுக்குத் தெரியுமா? புழல் ஏரியில் இறங்கிய போர் விமானங்கள்

● சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி, இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கடல்விமானத் தளமாகவும் இருந்தது. 1942இல் 240ஆம் படைப்பிரிவு இங்கு வந்து சேர்ந்தது.

● இந்தப் படைப்பிரிவின் ‘கேட்டலினா’ விமானத்துக்கு ஓடுபாதை வேண்டாம். அடிப்பகுதி படகு வடிவில் இருந்ததால், ஏரி நீரிலிருந்தே எழும்பிக் கடலைக் கண்காணிக்கச் சென்றது.

● இலங்கையில் காலிக்கு அருகே உள்ள கொக்கலவும் அப்போது இத்தகைய தளமாக இருந்தது. 1942 ஏப்ரல் 4 அன்று அங்கிருந்து கிளம்பிய கனடிய விமானி பர்ச்சால், ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு வானொலியில் எச்சரித்தார். அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பட்டார். மறுநாள் கொழும்பில் குண்டு விழுமுன் பல கப்பல்கள் துறைமுகத்தைவிட்டு விலகியிருந்தன.

● செங்குன்றம் பக்கம் போனால், புழல் ஏரியைக் காட்டிப் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.