ரத்தம் கசிந்தால் துணி 'பெயில்'! மாநாட்டில் தறிக்காரருக்கு இடம் உண்டா?

பெருந்துறை:
நவீனப் பொருள் ஆராய்ச்சி மாநாடு என்றால் பேச்சு, டீ, சர்டிபிகேட்டு என்றுதான் பலர் நினைப்பு. ஆனால் அது உயிர் சமாச்சாரம்!

2020-ல் கொரோனா வந்தபோது டாக்டர், நர்சுகளுக்குக் கவச உடை தட்டுப்பாடு. கோவை 'சிட்ரா' ஜவுளி ஆராய்ச்சிக் கூடத்தில் மாதிரித் துணிகள் வந்து குவிந்தன. துணி மேல் செயற்கை ரத்தத்தை அழுத்திப் பாய்ச்சுவார்கள். மறுபக்கம் கசிந்தால் அவுட்! துணி தேறினாலும் தையலின் ஊசித் துளை வழியே ரத்தம் இறங்கும். அதனால் தையல் மேல் டேப் ஒட்டினார்கள்.

இந்தத் துளைச் சங்கதி மிஷினில் உட்காருபவருக்குத்தான் அத்துப்படி. அவரும் விஞ்ஞானியும் கலந்து பேச வேண்டாமா?

பெருந்துறையில் 1984 முதல் கொங்கு என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. சிப்காட்டில் ஜவுளி ஆலைகள். பக்கத்திலேயே சென்னிமலைத் தறிகள். இனி மாநாடு கூட்டினால் தறிக்காரர், தையல்காரருக்கும் நாற்காலி போடட்டும்!