யாழ்ப்பாணக் குடாநாட்டின் முதற் குடியிருப்பு: சான்றின்மை பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மனிதன் முதன்முதலில் எப்பொழுது காலடி வைத்தான் என்னும் வினாவுக்கு, நீண்ட காலமாக இரும்புக்காலமே விடையாகக் கூறப்பட்டு வந்தது. கந்தரோடையில் 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தினரும், ஆனைக்கோட்டையில் 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினரும் நடத்திய அகழ்வுகள் பெருங்கற்காலப் பண்பாட்டை ஐயத்துக்கிடமின்றி நிறுவின. கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களும் ஆனைக்கோட்டைப் புதைகுழியிற் கிடைத்த பிராமி எழுத்து முத்திரையும் இதற்குச் சான்றுகளாகும். ஆயின், இப்பண்பாட்டினருக்கு முன்னர் இங்கு எவரும் வாழவில்லை என்பது இச்சான்றுகளிலிருந்து பெறப்படும் முடிபு அன்று.

அமெரிக்கக் கண்டங்கள் பற்றிய விவாதம் இங்கு நினைவுகூரத்தக்கது. ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட குளோவிஸ் கருவிகளைச் செய்தோரே அங்கு சென்ற முதல் மனிதர் எனப் பல தசாப்தங்கள் நம்பப்பட்டது. சிலி நாட்டின் மொன்ரி வேர்டி பற்றிய ஆய்வுகளும், நியூ மெக்சிக்கோவின் வைற் சான்ட்ஸ் பகுதிக் காலடித் தடங்கள் 21,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என 2021 இல் வெளிவந்த முடிபும் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. விவாதம் இன்னும் ஓயவில்லை. எனினும், கிடைத்தவற்றுள் மூத்த சான்றே தொடக்கம் எனக் கொள்வதன் ஆபத்தை அது உணர்த்துகிறது.

நமது குடாநாட்டில் இவ்வாபத்து இருவகையில் மிகுதி. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் கடல்மட்டம் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. ஆழங்குறைந்த பாக்குநீரிணைப் பகுதி அன்று தரையாக விளங்கிற்று. அக்காலக் கரையோரங்கள் இன்று நீரினடியில் உள்ளன. இரண்டாவதாக, குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். கருவி செய்தற்கேற்ற படிகக்கல் இங்கு இயற்கையாகக் கிடைப்பதில்லை. பெருநிலப்பரப்பில் இரணைமடுப் படிவுகளிற் கற்கருவிகள் கிடைத்தமைக்கும், குடாநாட்டில் அவை அரிதாயிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதனோடு இணைத்தே நோக்கவேண்டும்.

எனினும் இக்குறையே ஆய்வாளனுக்கு ஒரு வாய்ப்புமாகும். அமெரிக்காவிற் பல இடங்களில், கல் இயற்கையாக உடைந்ததா, மனிதன் உடைத்ததா என்பதே பிணக்கு. பெருநிலப்பரப்பின் ஆறு எதுவும் குடாநாட்டினுள் பாய்வதில்லை. வழுக்கியாறும் இங்கேயே தோன்றி இங்கேயே கடல் சேர்வது. ஆகவே மண்ணின் கீழ்ப்படையிற் கிடைக்கும் சிறு படிகக்கற் செதிளும் மனிதன் சுமந்து வந்ததாதல் வேண்டும். வேலணைத் தீவின் சிப்பிக் குவியல் பற்றிய அண்மைக்கால ஆய்வு இதற்கு எடுத்துக்காட்டாகும். ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முன், கடலுணவை உண்டு, வெளியிலிருந்து கொணர்ந்த கல்லாற் கருவி செய்த மக்கள் அங்கு வாழ்ந்தனர். இஃது இரும்புக்காலத்துக்கு முந்தியதாகும்.

இவர்கள் எம்மொழி பேசினர் என்பதைக் கல்லும் சிப்பியும் கூறா. முதலில் வந்தோர் யாவர் என்பதை உரிமைக்கு அளவுகோலாக்கும் அரசியல் எத்தரப்பிலிருந்து எழுந்தாலும், இத்தொன்மை மக்களைத் தன் முன்னோராகப் பதிவுசெய்ய முற்படும். மண்ணில் வாழ்வோரின் உரிமை அகழ்குழியின் ஆழத்தால் அளக்கப்படுவதன்று. சிப்பிக் குவியல்கள் வீதிக்கும் கட்டடத்துக்கும் மண்ணாக அள்ளப்படுமுன் அவற்றைப் பதிவுசெய்து காப்பதே நாம் உடனடியாக ஆற்றவேண்டிய பணியாகும்.