மிதித்தேன்... நிற்கலை!

'கீ...ச்!'

நான் பிரேக் போடும்போதெல்லாம் இளம்பிள்ளை கடைவீதியே திரும்பிப் பார்த்தது. மனைவி கேட்டாள், "இந்த வண்டியிலயா ஞாயித்துக்கிழமை ஏற்காடு போறோம்?"

நியாயமான கேள்வி. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஏறுவதற்கு இன்ஜின் போதும். இறங்க பிரேக் வேண்டுமே!

வண்டி, அப்பா வாங்கிய மாருதி 800. கம்பெனிக்காரர்களே 2014-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். நான்தான் இன்னும் ஓட்டுவதை நிறுத்தவில்லை. முன் பிரேக் பேடு மாற்ற மெக்கானிக் கேட்ட கூலியைக் கேட்டதும் எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டது. பேடு செட்டை மட்டும் வாங்கி வந்து, 'கூலி மிச்சம்' என்று மனசுக்குள் வரவு எழுதினேன்.

பிரேக் போட்டால் வண்டியின் பாரம் முன்னால் சாயும். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு இது தெரியும். அதனால் முன் சக்கரத்துக்குத்தான் வேலை அதிகம். அங்கே சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பதுதான் பேடு. 1953-ல் பிரான்ஸில் நடந்த லே மான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்கோடு ஓடி ஜெயித்தது. அந்தப் பெருமையெல்லாம் இப்போது என் வாசலில், லுங்கியோடு!

ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுத்தேன். வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை லேசாகத் தளர்த்தி, பிறகு ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது என்று ஸ்டாண்டும் வைத்தேன். பிரேக் தூசியை ஊதப் போனேன். "ஊதாதீங்க மாப்பிள்ளை!" என்று தடுத்தார் மாமனார். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணிதான் சரி.

காலிப்பரைக் கழற்றினால் அது பிரேக் ஹோஸில் தொங்கக்கூடாது. மாமனார் தன் தறிப்பட்டறையிலிருந்து கயிறு கொண்டுவந்து இழுத்துக் கட்டினார். சேலை ஊர் அல்லவா, நூலுக்கா பஞ்சம்! பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளி, புதுப் பேடை வைத்து மூடினேன். அடுத்த பக்கமும் அப்படியே. இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

"பரவாயில்லையே!" என்றாள் மனைவி. கல்யாணமான பிறகு கேட்ட முதல் பாராட்டு. அந்த மிதப்பில் வண்டியை எடுத்து ரிவர்ஸில் தெருவுக்கு விட்டேன். பின்னால் சேலை மூட்டைகளோடு ஒரு மொபெட். மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது. வண்டி நிற்கலை!

கை தானாக ஹேண்ட்பிரேக்கை இழுத்தது. அது கேபிளில், பின் சக்கரத்தில் தனியாக வேலை செய்கிற சாமான். மூட்டைக்கும் என் பம்பருக்கும் ஒரு முழம் இடைவெளி. மொபெட்காரர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

தப்பு பேடில் இல்லை, என்னிடம். பிஸ்டனை உள்ளே தள்ளியதால் பேடுக்கும் அதற்கும் இடையே இடைவெளி விழுந்திருந்தது. வண்டியை நகர்த்தும் முன் நின்ற இடத்திலேயே பெடலைப் பல தடவை மிதித்து, கெட்டியான பிறகுதான் கியரே போட வேண்டும். பிரேக் ஆயில் அளவையும் பார்க்க வேண்டும்.

அன்று மாலை மெக்கானிக்கிடம் போய், எல்லாம் சரிதானா என்று பார்க்கச் சொன்னேன். பார்த்தார். கூலியும் வாங்கிக்கொண்டார். மிச்சம்: பூஜ்யம்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டிலிருந்து செகண்ட் கியரில் இறங்கினோம். பிரேக்கில் சத்தமே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் சத்தம் போட்டது மனைவிதான்: "மிதிச்சுப் பார்த்தீங்களா?"