சோலாருக்கு 25 வருஷ கியாரண்டி சரி... கொடுத்த கம்பெனி இருக்குமா? - மாடியில் பேனல் போடும் முன் கவனிக்க வேண்டியவை

காரைக்குடி,

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டு ஊர்களிலும் வீட்டு மாடியில் சோலார் போடுவது பற்றிய பேச்சு அடிபடுகிறது. "மானியம் 78 ஆயிரம், கரண்டு பில் ஜீரோ, 25 வருஷ கியாரண்டி" என்று ஏஜெண்டுகள் அடுக்குகிறார்கள்.

மானியம் உண்மைதான். ஆனால் கியாரண்டி கொடுக்கிற கம்பெனி 25 வருஷம் இருக்குமா என்ற கேள்வியை பலரும் கேட்பதில்லை. இதற்கு சிவகங்கை மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது.

மோசர் பேயர் பாடம்

சினிமா சி.டி.யை 28 ரூபாய்க்கு விற்று வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் மோசர் பேயர். இந்த குழுமம் சோலார் தொழிலிலும் இறங்கியது. 2010-ம் ஆண்டு கடைசியில் சிவகங்கை மாவட்டத்தில் 5 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை அமைத்தது. அப்போது அது பெரிய விஷயம்.

அப்புறம் என்ன ஆச்சு? 2017-ல் மோசர் பேயர் இந்தியா நிறுவனம் மீது திவால் நடவடிக்கை தொடங்கியது. 2018-ல் நிறுவனத்தை கலைக்க கம்பெனி தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. நிலையம் அமைத்து 8 வருஷம்கூட ஆகவில்லை.

அவ்வளவு பெரிய பெயருக்கே இந்த கதி. அப்படியானால் போன மாசம் கடை பிடித்து போர்டு மாட்டியவர் வாயால் சொல்லும் 25 வருஷத்தை எப்படி நம்புவது? அதனால்தான் எல்லாமே எழுத்தில் இருக்க வேண்டும்.

கியாரண்டி ஒன்றல்ல, மூன்று

பேனலுக்கு அதை தயாரித்த கம்பெனி கொடுப்பது ஒன்று. இதிலும் இரண்டு வகை உண்டு. பொருளில் கோளாறு வந்தால் மாற்றி கொடுப்பது பெரும்பாலும் 10 முதல் 12 வருஷம். மின் உற்பத்தி ஒரு அளவுக்கு கீழே இறங்காது என்பதற்குத்தான் 25 வருஷம். ஏஜெண்டு இரண்டையும் சேர்த்து "25" என்று சொல்லி விடுவார்.

இன்வெர்ட்டருக்கு அதன் கம்பெனி தனியாக கொடுப்பது இரண்டாவது. மூன்றாவது, மாட்டி கொடுக்கும் உள்ளூர் கம்பெனியின் வேலைக்கான உத்தரவாதம். மத்திய அரசு மானிய திட்டத்தில் 5 வருஷம் பராமரிப்பு செய்து கொடுப்பது மாட்டியவரின் பொறுப்பு.

ஒவ்வொரு பேனலிலும் சீரியல் நம்பர் இருக்கும். அந்த நம்பர்கள் பில்லில் ஏற வேண்டும். வாரண்டி அட்டை வீட்டுக்காரர் பெயரில் இருக்க வேண்டும். அப்போதுதான் மாட்டியவர் கடையை மூடினாலும் பேனல் கம்பெனியிடம் நேராக கேட்க முடியும்.

முதலில் கரண்டு பில்லை எடுங்க

நல்ல கம்பெனி வந்தவுடன் கேட்பது பழைய கரண்டு பில்லைத்தான். பில்லையே பார்க்காமல் "5 கிலோவாட் போட்டுடுங்க" என்றால் உஷார்.

ஒரு கிலோவாட் பேனல் நம்ம ஊர் வெயிலுக்கு நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 2 மாசத்தில் சுமார் 720 யூனிட்.

2024 ஜூலையில் உயர்ந்த வீட்டு கட்டணப்படி 2 மாசத்தில் 1,000 யூனிட் ஓடும் வீட்டுக்கு யூனிட் கணக்கில் ரூ.6,870 வரும். 720 யூனிட் கழிந்து 280 யூனிட் மட்டும் நின்றால் ரூ.611. இந்த வீட்டுக்கு சோலார் லாபம்.

ஆனால் 300 யூனிட் மட்டும் ஓடும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம் போக பில்லே ரூ.705 தான். இவர் கடன் வாங்கி சோலார் போட்டால் போட்ட காசு எப்போது திரும்பும்? கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கிற பூட்டிய வீடுகளுக்கும் இதே கதைதான்.

பங்காளி வீடா? கவனம்

செட்டிநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வீட்டுக்கு பல பங்காளிகள் இருப்பார்கள். மின் இணைப்பு காலமான தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மானியத்துக்கு மின் இணைப்பு பெயரும் வங்கி கணக்கு பெயரும் ஒத்துப்போக வேண்டும். பெயர் மாற்ற வாரிசு சான்றும் மற்ற பங்காளிகளின் சம்மதமும் தேவைப்படும். பேனல் ஏறிய பிறகு பங்காளி வந்து "மொட்டை மாடி எனக்கும் பொது" என்றால் வம்பு.

எனவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பங்காளிகளிடம் எழுதி வாங்குவதும், இணைப்பு பெயரை மாற்றுவதும் நல்லது. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்கிற கம்பெனிக்கு பணம் வாங்குவதில் மட்டும்தான் அவசரம்.

கூரையையும் பார்க்க வேண்டும். 3 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 300 சதுர அடி இடம் வேண்டும். ஒரு பெரிய பேனல் 25 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். இப்படி 6 பேனல், அதோடு இரும்பு ஸ்டாண்ட். சீமை ஓட்டு கூரையிலும் பழைய சுண்ணாம்பு தளத்திலும் கண்ட இடத்தில் துளை போட்டால் ஐப்பசி மழைக்கு ஒழுகும். மாடி ஏறி அளந்து பார்க்காமல் போனிலேயே விலை சொல்பவரை தவிர்ப்பது நல்லது.

கொட்டேஷனில் என்ன இருக்கணும்?

"3 கிலோவாட், மொத்தம் இவ்வளவு" என்று ஒற்றை வரியில் கொடுத்தால் வாங்கக் கூடாது. கீழ்க்கண்டவை தனித்தனியாக இருக்க வேண்டும்.

* பேனலின் கம்பெனி, மாடல், எத்தனை வாட், எத்தனை எண்ணம். மானியம் வேண்டுமானால் இந்தியாவில் தயாரான செல் கொண்ட டி.சி.ஆர். பேனலாக இருக்க வேண்டும். இறக்குமதி செல் என்றால் மானியம் கிடைக்காது.

* இன்வெர்ட்டரின் கம்பெனி, மாடல். ரிப்பேர் என்றால் சர்வீஸ் சென்டர் மதுரையிலா, திருச்சியிலா, சென்னையிலா?

* ஸ்டாண்ட் எந்த இரும்பு, எந்த வேக காற்றை தாங்கும்? 2018 நவம்பர் கஜா புயல் பக்கத்து புதுக்கோட்டை மாவட்டத்தை புரட்டிப் போட்டதை யாரும் மறக்கவில்லை. துத்தநாக முலாமில் முக்கி எடுத்த ஸ்டாண்ட்தான் துருவை தாங்கும். துருப்பிடிப்பு பற்றி ஆராயும் சிக்ரி இருக்கிற ஊரில் பெயிண்ட் அடித்த இரும்பை ஏற்றுவது சரியல்ல.

* எர்த், இடிதாங்கி, வயர்.

* ஜி.எஸ்.டி. சோலார் பேனலுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாக குறைந்தது. பழைய வரியை போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

குறைந்தது 3 கம்பெனியிடம் கொட்டேஷன் வாங்கி ஒப்பிடுவது நல்லது. மானியத்துக்காக மத்திய அரசு வைத்த அடிப்படை விலை 3 கிலோவாட்டுக்கு ரூ.1.45 லட்சம். உயரமான ஸ்டாண்ட், நல்ல பொருள் என்றால் கூடலாம். ஆனால் ரொம்ப குறைத்து சொன்னாலும் எதில் குறைகிறது என்று கேட்க வேண்டும்.

கரண்டு போனால் சோலாரும் போகும்

பலரும் பிறகு ஏமாற்றம் அடைவது இதில்தான். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார், வெளியில் கரண்டு போனால் தானாக நின்று விடும். கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. 2012 மின்வெட்டை நினைத்து "இனி கரண்டே போகாது" என்று வாங்குபவர்கள் இதை தெரிந்து கொள்ள வேண்டும். கரண்டு கட்டிலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் வேண்டும். அதற்கு செலவு கூடும். இதை முதல் நாளே சொல்கிற கம்பெனியை நம்பலாம்.

பணம் கொடுக்கும் போது...

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ரூ.30 ஆயிரம், 2 கிலோவாட்டுக்கு ரூ.60 ஆயிரம், 3 கிலோவாட் மற்றும் அதற்கு மேல் ரூ.78 ஆயிரம் மானியம். விண்ணப்பிப்பது திட்டத்தின் தேசிய இணையதளத்தில். அங்கே பதிவு பெற்ற கம்பெனிகளின் பட்டியல் இருக்கிறது. அந்த பட்டியலில் உள்ளவர் போட்டால்தான் மானியம். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே வேலை சுத்தம் என்று அர்த்தம் இல்லை.

மானியம் வீட்டுக்காரர் வங்கி கணக்குக்கு நேராக வரும். பேனல் மாட்டி, நெட் மீட்டர் வைத்து, மின்வாரியம் சோதித்த பிறகுதான் வரும். "மானியத்தை சீக்கிரம் வாங்கி தர்றோம், தனியா 5 ஆயிரம் கொடுங்க" என்றால் கொடுக்க வேண்டாம். ஓ.டி.பி.யும் சொல்ல வேண்டாம்.

முழு பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காமல், பொருள் இறங்கியதும் ஒரு பகுதி, மாட்டியதும் ஒரு பகுதி, நெட் மீட்டர் ஓடியதும் மீதி என்று பிரித்து கொடுப்பது பாதுகாப்பு. கடைசி தவணை கையில் இருக்கும்வரை கம்பெனிக்காரர் போனை எடுப்பார்.

அதற்கு முன் அந்த கம்பெனி 3 வருஷத்துக்கு முன்னால் போட்ட 2 வீடுகளுக்கு நேரில் போய் வர வேண்டும். போன மாசம் போட்ட வீட்டில் எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். பழைய வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "ரிப்பேர்னு கூப்பிட்டா எத்தனை நாள்ல வந்தாங்க?"

புகாருக்கு எங்கே போவது?

மின்வாரிய விஷயம் என்றால் மின்னகம் 94987 94987. கம்பெனி ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போடலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் வழக்கு கட்டணம் கிடையாது.

ஆனால் அங்கே போய் நிற்கும்போது காட்ட கையில் பில்லும், வாரண்டி அட்டையும், கையெழுத்து போட்ட ஒப்பந்தமும் இருக்க வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.