நெசவாளர் உடல்நலமும் உயிர்ச்சத்து 'டி'யும்

கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் கரையோரத்தில் வெயிலுக்குப் பஞ்சம் என்று எவரும் சொல்லார். ஆயினும் விடிந்தது முதல் பொழுது சாயும் வரை தறிக்குழியில் அமர்ந்திருக்கும் நெசவாளிக்கு அவ்வெயில் எட்டுவதில்லை. இடுப்பிலும் காலிலும் ஓயாத வலி கண்டால், வேலைக் களைப்பு என்றே எண்ணிவிடுகிறோம். உயிர்ச்சத்து 'டி' குறைவதும் அதற்கு ஒரு காரணமாகலாம்.

இச்சத்தின் தொழில் யாது? உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் ஏற்கச் செய்வதே. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் 'டி' சத்து இல்லையேல் அதில் பெரும்பகுதி உடலில் சேராது. பாவு எவ்வளவு நல்லதாயினும் ஊடை இன்றித் துணியாகுமா? இக்குறையால் குழந்தைகளுக்குக் கால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் வருகிறது. பெரியவர்களுக்கு எலும்பு வலுவிழக்கிறது.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 600 அலகு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தது. இதனை உணவால் பெறுதல் எளிதன்று. கீரை, பருப்பு, காய்கறிகளில் இச்சத்து அநேகமாக இல்லை. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 40 அலகே உண்டு. முட்டையை மட்டும் நம்பினால் நாளுக்குப் பதினைந்து வேண்டும்! செறிவூட்டப்பட்ட பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 அலகு சேர்க்கப்படுகிறது. சமைக்குமுன் வெயிலில் வைத்த காளானிலும் இச்சத்து உண்டாகிறது. அன்றாட உணவுகளில் சிறந்தவை கொழுப்பு மிகுந்த மீன்களே. நம் கரையில் கிடைக்கும் மத்தியும் கானாங்கெளுத்தியும் அத்தகையன. கொழுப்பில் கரையும் சத்தாதலால், பொரிப்பதினும் குழம்பு வைப்பதே மேல்.

எஞ்சிய தேவையை வெயிலே நிறைவேற்ற வேண்டும். காலையில் தெருவில் பாவு விரிக்கும்போது படும் இளவெயில் இதற்குப் போதாது. சாய்ந்து விழும் கதிரில் அதற்குரிய ஆற்றல் குறைவு. முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையுள்ள வெயிலே பயன் தரும். வயலில் பாடுபடும் விவசாய அங்கத்தினருக்கு இது தானே கிடைக்கிறது. நெசவாளர் தறியை நிறுத்தும் பகலுணவு வேளையில், கையும் காலும் வெயில் படுமாறு சுமார் அரை மணி வெளியே இருத்தல் நன்று. சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் உதவாது.

வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. 60,000 அலகு கொண்ட மருந்தைத் தாமே வாங்கி நாள்தோறும் உண்பது தீது. அளவு மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். வாரத்தில் இரு நாள் மீன், இயன்றபோது முட்டையும் பாலும், நாள்தோறும் சிறிது நண்பகல் வெயில்: இவ்வழக்கத்தை இன்றே நம் இல்லங்களில் தொடங்குவோமாக.