முகத்துவாரம் திறந்தால் திலாப்பியா என்ன செய்யும்?

‘முப்பது நாளில் உங்கள் மரபணுவை மாற்றும் மூலிகைப் பொடி என்று கைபேசிக்கு விளம்பரம் வருகிறதே, நம்பலாமா?’ என்று கல்லடி வாசகர் ஒருவர் கேட்கிறார். வேண்டாம். உணவாலும் பழக்கத்தாலும் மாறுவதாக விளம்பரக்காரர்கள் காட்டுவது மரபணுவின் எழுத்தே அல்ல. எந்த மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத்தான் சூழல் மாற்றும். இதற்குச் சாட்சி மட்டக்களப்பு வாவியிலேயே வீச்சுவலையில் விழுகிறது: திலாப்பியா.

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளும் இந்த வாவிக்கு நிலையான உப்பு கிடையாது. மாரி மழையில் நன்னீர் வந்து நிறையும். பாலமீன்மடு முகத்துவாரத்து மணல்திட்டு உடைந்தோ வெட்டப்பட்டோ வழி திறந்தபின், மழை ஓய்ந்ததும் கடல்நீர் உள்ளே ஏறும். மீனுக்கு வீடு அதேதான், தண்ணீர்தான் வேறு.

மொசாம்பிக் திலாப்பியா ஆபிரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்தது 1952 இல். வரலாறு இவ்வளவு போதும்.

சந்தையில் மீனின் செவுள்மூடியைத் தூக்கிப் பார்க்கிறோமே, அந்தச் சிவந்த பூவில்தான் விஷயம் இருக்கிறது. கடலில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மீனின் இரத்தம் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே உப்பானது. ஆகவே நன்னீரில் உப்பைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும், கடல்நீரில் வெளியே தள்ள வேண்டும். இரண்டையும் பூவிலுள்ள உப்புக் கலங்களே செய்கின்றன. இழுக்க ஒரு தொகுதிப் புரதங்கள், தள்ள இன்னொரு தொகுதி. தள்ளும் தொகுதியில் சி.எஃப்.டி.ஆர். என்ற ஒன்றுண்டு. அதே மரபணு மனிதரில் பழுதானால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய் வரும்.

தண்ணீர் மாறியதை மீன் எப்படி அறிகிறது? எனக்குப் பிடித்த இடம் இது. மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பியில் புரோலக்டின் சுரக்கும் கலங்கள் இருக்கின்றன. இரத்தம் நீர்த்ததும் அவை தண்ணீரை ஏற்று வீங்குகின்றன. வீக்கத்தில் சவ்விலுள்ள வாயில்கள் திறந்து கல்சியம் நுழைகிறது. உடனே புரோலக்டின் இரத்தத்தில் இறங்கி, உப்பை இழுக்கும் மரபணுக்களை வேலைக்கு எழுப்புகிறது. மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் கலம் தானே ஊதி அளந்துவிடுகிறது. மனிதத் தாய்க்குப் பால் சுரக்க வைப்பதும் இதே புரோலக்டின்தான்!

கூத்துக் கொப்பியை நினையுங்கள். எல்லாக் கூத்தும் ஒரே கொப்பியில். இன்று களரியில் எது ஏறும் என்பது அண்ணாவியார் சொல். நன்னீரானால் தென்மோடி, உப்பு ஏறினால் வடமோடி, கரப்புடுப்பும் முடியும் கட்டிக்கொண்டு. அப்படியானால் புரோலக்டின் அண்ணாவியாரா, மத்தளமா? கல்சியத்துக்கும் வரவுப் பாட்டு உண்டா? சரி, உவமையை இங்கேயே இறக்கிவிடுகிறேன். உடுப்புத்தான் மாறியது, கொப்பியில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்பது மட்டும் மிஞ்சட்டும்.

சூழல் மரபணுவின் வேலையை மாற்றுவது மனிதரிலும் நடக்கிறது, விளம்பர வேகத்தில் அல்ல. நன்றாக அளக்கப்பட்ட உதாரணம் சிகரெட். புகைப்பவரின் இரத்தக் கலங்களில் ஏ.எச்.ஆர்.ஆர். என்ற மரபணுவில் ஒட்டியிருக்கும் மெதைல் குறிகள் குறைகின்றன. குறைந்தால் அந்த மரபணு கூடுதலாக வேலை செய்யும். ஏறக்குறைய 16,000 பேரின் இரத்தத்தை ஆராய்ந்து 2016 இல் வெளியான ஆய்வு, புகைப்பதை விட்டவர்களில் இத்தகைய மாற்றங்கள் பெரும்பாலும் 5 ஆண்டுகளுக்குள் பழைய நிலைக்குத் திரும்புவதைக் கண்டது. சில மாற்றங்கள் 30 ஆண்டு கழிந்தும் போகவில்லை.

ஆகவே பொடிக்காரரிடம் கேளுங்கள்: எந்த மரபணு, எந்தக் கலத்தில், பொடியை நிறுத்தினால் எத்தனை காலம்? சிகரெட் ஆய்வாளர்களிடம் மூன்றுக்கும் பதில் உண்டு. பொடிக்காரரிடம் விலை மட்டும் தெளிவாக இருக்கும்.