"பிரிட்டிஷ் பிரஜை": வாக்குறுதி பொய்த்தபோது பிறந்த விடுதலைக் குரல்

வடதில்லியின் புராரி சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது முடிசூட்டுப் பூங்கா. பிரிட்டிஷ் பேரரசு தனது பெருமையை உலகறியக் காட்டுவதற்காக 1877, 1903, 1911 ஆகிய ஆண்டுகளில் மூன்று தர்பார்களை நடத்தியது இந்தத் திடலில்தான். தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றும் முடிவை 1911 டிசம்பர் 12-ஆம் தேதி ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்ததும் இங்கேதான். அந்த மன்னரின் சிலை பின்னாளில் இந்தியா கேட் அருகே கல் மண்டபத்தின் கீழ் கம்பீரமாக நின்றது. விடுதலைக்குப் பின் 1960-களில் அங்கிருந்து அகற்றப்பட்டு இந்தப் பூங்காவுக்கே வந்து சேர்ந்தது. பல பத்தாண்டுகள் வெறுமையாகக் கிடந்த மண்டபத்தில் 2022 செப்டம்பரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் சிலை நிறுவப்பட்டது.

தர்பார் என்றவுடன் யானைகளும் மகாராஜாக்களும் பீரங்கி முழக்கமுமே நினைவுக்கு வரும. ஆனால் 1877-இல் இந்தத் திடலுக்கு வந்திருந்த ஒருவரைப் பலரும் மறந்துவிட்டனர். புணே சார்வஜனிக் சபையின் கணேஷ் வாசுதேவ் ஜோஷிதான் அவர். பட்டும் வைரமும் மின்னிய கூட்டத்தில் கைநூற்பு வெள்ளாடை உடுத்தி வந்த அவர், விக்டோரியா அரசியாரிடம் வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். பிரிட்டிஷ் குடிமக்கள் அனுபவிக்கும் அரசியல், சமூகத் தகுதியை இந்தியர்களுக்கும் வழங்க வேண்டும் என்பதே அது.

விடுதலை வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. பேரரசின் பிரஜை என்று அழைக்கிறீர்களே, அந்தச் சொல்லுக்கு உரிய மதிப்பைத் தாருங்கள் என்றுதான் கேட்டார். அதே நாள்களில் சென்னை மாகாணத்திலும் தக்காணத்திலும் கொடும் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஒருபுறம் தர்பார் விருந்து, மறுபுறம் பட்டினிச் சாவு. "பிரஜை" என்ற சொல்லின் உண்மைப் பொருள் என்ன என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளின் இந்திய அரசியல் பெருமளவுக்கு இந்தக் கேள்வியைச் சுற்றியே சுழன்றது.

அரசியின் வாக்குறுதி

1857-ஆம் ஆண்டுப் புரட்சி அடக்கப்பட்ட பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிவுக்கு வந்தது. 1858 நவம்பர் 1-ஆம் தேதி அலகாபாதில் விக்டோரியா அரசியின் பிரகடனம் வாசிக்கப்பட்டது. இனம், சமயம் பாராமல் தகுதியுள்ள பிரஜைகள் அனைவருக்கும் அரசுப் பணிகளில் இடமளிக்கப்படும் என்ற உறுதிமொழி அதில் இடம்பெற்றிருந்தது. ஆங்கிலக் கல்வி பெற்ற முதல் தலைமுறை அதை உரிமைச் சாசனமாகவே போற்றியது.

வாக்குறுதி தாளில் இருந்தது. நடைமுறை வேறாக இருந்தது. ஐ.சி.எஸ். தேர்வு லண்டனில் மட்டுமே நடந்தது. அதில் வெற்றி பெற்றுப் பணியில் சேர்ந்த சுரேந்திரநாத் பானர்ஜி, நிர்வாகப் பிழை ஒன்றைக் காரணம் காட்டி 1874-இல் பதவி நீக்கம் செய்யப்பட்டார். இந்தியராகப் பிறந்ததே தாம் செய்த குற்றம் என்று அவர் கருதினார். தேர்வு எழுதுவதற்கான வயது வரம்பு 21-இலிருந்து 19-ஆகக் குறைக்கப்பட்டபோது, கடல் கடந்து சென்று அந்நிய மொழியில் எழுத வேண்டிய இந்திய இளைஞர்களுக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடப்பட்டது. பானர்ஜி 1877-இல் நாடெங்கும் சுற்றுப்பயணம் செய்து கண்டனக் கூட்டங்கள் நடத்தினார். வேலைவாய்ப்பு பற்றிய ஒரு கோரிக்கை, மாகாண எல்லைகளைத் தாண்டி இந்தியர்களை ஒன்றுசேர்த்தது.

1883-இல் நிகழ்ந்த இல்பர்ட் மசோதா விவகாரம் இதைவிடக் கசப்பான பாடத்தைக் கற்பித்தது. மாவட்ட அளவில் பணியாற்றும் இந்திய நீதிபதிகளும் ஐரோப்பியர் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கலாம் என்பதே வைஸ்ராய் ரிப்பன் காலத்தில் கொண்டுவரப்பட்ட அந்த மசோதாவின் சாரம். இந்தியாவில் வாழ்ந்த வெள்ளையர்கள் கொதித்தெழுந்தனர். பாதியளவேனும் ஐரோப்பியரைக் கொண்ட ஜூரி தங்களுக்கு வேண்டும் என்று கேட்கும் உரிமையை அவர்களுக்கு வழங்கி, மசோதாவின் உயிரை எடுத்துவிட்ட பிறகே அது 1884-இல் சட்டமானது. ஒரே அரசியின் பிரஜைகளுக்குள் நிறத்தால் இரு தரம் உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டது போலாயிற்று. ஒன்றுபட்டுக் கூச்சலிட்டால் அரசு பணியும் என்பதையும் இந்தியர்கள் கண்டுகொண்டனர்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 28-இல் பம்பாயில் 72 பிரதிநிதிகளுடன் இந்திய தேசிய காங்கிரஸ் கூடியது. அதன் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சென்னையிலிருந்து சென்ற ஜி. சுப்பிரமணிய ஐயர். "சுதேசமித்திரன்" இதழை நிறுவிய அதே பெருமகன்தான்.

நாடாளுமன்றத்தில் ஓர் இந்தியர்

பிரிட்டிஷ் பிரஜை என்ற தகுதியைப் பிரிட்டனிலேயே சோதித்துப் பார்த்தவர் தாதாபாய் நௌரோஜி. 1886-இல் லண்டனின் ஹோல்பர்ன் தொகுதியில் போட்டியிட்டுத் தோற்றார். கறுப்பர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் மனநிலைக்குப் பிரிட்டிஷ் வாக்காளர்கள் இன்னும் வரவில்லை என்ற பொருளில் 1888-இல் பிரதமர் சாலிஸ்பரி பேசியது பெரும் சர்ச்சையானது. மத்திய ஃபின்ஸ்பரி தொகுதி வாக்காளர்கள் 1892-இல் அதற்குப் பதிலளித்தனர். மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில், அதாவது ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய வாக்குகளில், லிபரல் கட்சி வேட்பாளரான நௌரோஜி வென்றார்.

ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்ற தீர்மானம் 1893-இல் காமன்ஸ் சபையில் நிறைவேறியது. அரசு அதைச் செயல்படுத்தவில்லை. இந்திய மண்ணில் அத்தேர்வு நடைபெற 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1901-இல் வெளியான நௌரோஜியின் புகழ்பெற்ற நூலின் தலைப்பே அவரது வாதத்தைச் சொல்லிவிடும். இந்தியாவின் வறுமையையும், பிரிட்டிஷ் பண்புக்குப் புறம்பான ஆட்சியையும் பற்றியது அந்நூல். பிரிட்டனுக்கு ஒரு நீதி, இந்தியாவுக்கு ஒரு நீதி என்றால் அது பிரிட்டிஷ் ஆட்சியே ஆகாது என்றார் அவர். இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் கடல் கடந்து வடிந்து செல்வதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆள்வோரின் கொள்கையையே எடுத்து ஆள்வோரை அளந்த அளவுகோல் அது. அதே நௌரோஜிதான் 1906-இல் கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைமை வகித்தபோது "சுயராஜ்யம்" என்ற சொல்லை மேடையில் முழங்கினார். அப்போதும் பிரிட்டனிலோ அதன் குடியேற்ற நாடுகளிலோ உள்ளதைப் போன்ற தன்னாட்சி என்றே அதற்கு விளக்கம் தந்தார். ஆனால் சொல் பிறந்துவிட்டது.

அந்தக் காலம் வங்கப் பிரிவினையால் நாடு கொந்தளித்திருந்த காலம். சுதேசி அலை தூத்துக்குடி வரை வந்தது. "பிரிட்டிஷ் இந்தியா" என்ற பெயர் தாங்கிய கப்பல் கம்பெனிக்கு எதிராக, வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் "சுதேசி" என்ற பெயரில் கப்பல் கம்பெனி தொடங்கினார். ஒரே துறைமுகத்தில் நின்ற அந்த இரு பெயர்களும் காலம் மாறிவருவதைச் சொல்லாமல் சொல்லின. 1908-இல் அவருக்கு விதிக்கப்பட்ட 40 ஆண்டுத் தண்டனை, மேல்முறையீட்டில் பின்னர் குறைக்கப்பட்டது என்றாலும், பேரரசு எதற்கு அஞ்சியது என்பதைக் காட்டிக் கொடுத்தது.

கடல் கடந்தும் அதே கதை

தென்னாப்பிரிக்காவில் காந்தியின் தொடக்ககாலப் போராட்டமும் இதே அடித்தளத்தில் எழுந்ததுதான். பிரிட்டிஷ் பிரஜைக்குரிய உரிமையைக் கோருகிறவர் அதற்குரிய கடமையையும் செய்ய வேண்டும் என்று கருதிய அவர், போயர் போரின்போது சுமார் 1,100 இந்தியர்களைக் கொண்ட மருத்துவ உதவிப் படையைத் திரட்டிப் பிரிட்டனுக்குத் துணை நின்றார். போர் முடிந்த சில ஆண்டுகளில் கிடைத்த கைம்மாறு, டிரான்ஸ்வால் இந்தியர்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டம். 1906 செப்டம்பர் 11-இல் ஜோகன்னஸ்பர்க் அரங்கொன்றில் கூடிய இந்தியர்கள் அதற்குப் பணிவதில்லை என்று உறுதி பூண்டனர். சத்தியாகிரகம் அங்கே கருக்கொண்டது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரியில் உயிர்நீத்த 16 வயதுத் தில்லையாடி வள்ளியம்மையைத் தமிழகம் நன்கறியும்.

அதே 1914 மே மாதம் 376 பயணிகளுடன் கோமகட்டா மாரு என்ற கப்பல் கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. பயணிகள் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலோர் சீக்கியர்கள். பேரரசின் பிரஜைகளுக்குப் பேரரசின் எந்தப் பகுதியிலும் குடியேற உரிமை உண்டு என்பது அவர்களது வாதம். சொந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் நேராக வந்தவர்களுக்கே அனுமதி என்பது கனடாவின் விதி. இந்தியாவிலிருந்து அப்படி நேராக வரும் கப்பல் போக்குவரத்தே அப்போது கிடையாது. இரண்டு மாதங்கள் கரையைப் பார்த்தபடியே தவித்த கப்பல், சிலர் தவிர மற்ற அனைவருடனும் ஜூலை 23-இல் திருப்பி அனுப்பப்பட்டது. செப்டம்பர் 29-இல் கல்கத்தா அருகே பஜ்பஜ்ஜில் இறங்கியவர்களைத் துப்பாக்கிக் குண்டுகள் வரவேற்றன. சுமார் 20 பேர் உயிரிழந்தனர். இதற்காகக் கனடா நாடாளுமன்றத்தில் அந்நாட்டுப் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ மன்னிப்புக் கோரியது 2016 மே மாதத்தில்தான்.

கப்பல் வான்கூவரை விட்டுப் புறப்பட்ட இரண்டு வாரங்களில், 1914 ஆகஸ்டில், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. மன்னரின் ஆட்சிப்பரப்பில் பிறந்த அனைவரும் பிரிட்டிஷ் பிரஜைகளே என்றது அச்சட்டம். ஆனால் பிரஜைகளின் வெவ்வேறு பிரிவினரை வெவ்வேறு விதமாக நடத்தும் அதிகாரம் பேரரசுக்கு உள்பட்ட அரசுகளுக்கு உண்டு என்பதையும் அதுவே பாதுகாத்தது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறித்த கதை.

பதக்கங்கள் திரும்பிய காலம்

இவ்வளவுக்குப் பிறகும் முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து சென்று பேரரசுக்காகப் பணியாற்றினர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களின் நினைவாக எழுந்ததே தில்லியின் இந்தியா கேட். அந்தத் தியாகத்துக்குப் பரிசாக வந்தது, விசாரணையின்றிச் சிறையிலடைக்க வழிசெய்த ரௌலட் சட்டம். தொடர்ந்தது 1919 ஏப்ரல் 13-இல் அமிருதசரஸ் ஜாலியன்வாலா பாக் படுகொலை. அரசுக் கணக்கின்படியே 379 பேர் பலியாயினர்.

அதன் பின்னர் பேரரசுக்கும் இந்தியர்களுக்கும் இடையிலிருந்த மனப்பிணைப்பு அறுந்தது. சர் பட்டத்தைத் துறந்தார் ரவீந்திரநாத் தாகூர். வைஸ்ராயின் நிர்வாக சபையில் அமர்ந்திருந்த சென்னை உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி சங்கரன் நாயர் பதவியை உதறினார். 1920 ஆகஸ்டில் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தையும், போயர் போர்ப் பணிக்காகப் பெற்ற பதக்கத்தையும் காந்தி திருப்பி அனுப்பினார். இவர்களில் எவரும் பிறவிப் பகைவர்கள் அல்லர். பேரரசின் நீதியில் ஒரு காலத்தில் நம்பிக்கை வைத்திருந்தவர்களே.

கடைசிவரை அந்த நம்பிக்கையைக் கைவிடாதவர்களுக்கும் ஏமாற்றமே மிஞ்சியது. வலங்கைமானைச் சேர்ந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, 1921-இல் லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டில் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்குச் சம உரிமை கோரித் தீர்மானம் பெற்றுத் தந்தார். தென்னாப்பிரிக்கா உடன்படவில்லை. இரண்டே ஆண்டுகளில், கென்யாவின் வளமான மேட்டுநிலங்கள் வெள்ளையருக்கே என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது.

1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ், பூரண சுயராஜ்யமே இலக்கு என்று பிரகடனம் செய்தது. 1930 ஜனவரி 26 சுதந்திர தினமாகக் கொண்டாடப்பட்டது.

மனுக்கள் வீண்தானா?

மிதவாதிகளின் அரசியலைப் பிச்சை கேட்கும் அரசியல் என்று திலகர் அணியினர் எள்ளி நகையாடினர். அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. பிரிட்டிஷ் பிரஜை என்று உரிமை கோரியவர்கள் ஆங்கிலம் கற்ற சிறுபான்மையினர். 1855-இல் ஆயுதமேந்திய சந்தால் பழங்குடியினரோ, 1857-இல் கிளர்ந்தெழுந்த சிப்பாய்களும் விவசாயிகளுமோ எந்தப் பிரகடனத்தையும் மேற்கோள் காட்டிப் போராடவில்லை. ஆட்சியின் கொடுமையை உணர அவர்களுக்கு லண்டன் சட்டப் புத்தகங்கள் தேவைப்படவில்லை.

ஆயினும் மனுக்களுக்கும் ஒரு பணி இருந்தது. ஆள்வோர் தந்த வாக்குறுதியை அவை எழுத்தில் நிறுத்தின. ஒவ்வொரு மறுப்பும் அந்த வாக்குறுதிக்கு எதிரான சாட்சியாகச் சேர்ந்துகொண்டே வந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களிலும் இதுவே நடந்தது. 1765-இல் முத்திரைத்தாள் வரியை எதிர்த்தவர்கள் தங்களை ஆங்கிலேயர்கள் என்று சொல்லியே உரிமை கேட்டனர். பதினொரு ஆண்டுகளில் அவர்கள் அமெரிக்கர்கள் ஆயினர். ஆனால் அவர்கள் ஆள்வோரின் இரத்த உறவினர். இந்தியர்களுக்கோ நிறம் என்ற மதில் குறுக்கே நின்றது. அதனால்தான் இங்கே அந்தப் பயணம் அதிகக் காலமும் அதிக உயிர்களும் கேட்டது.

1947-இல் விடுதலை கிடைத்த பின்னரும் சட்டப்படி இந்தியாவின் மன்னராக ஆறாம் ஜார்ஜே நீடித்தார். 1950 ஜனவரி 26-இல்தான் மன்னரின் பிரஜை மறைந்து குடியரசின் குடிமகன் பிறந்தான். மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்று அரசியல் சாசனம் விதித்தது. தர்பார் திடலில் 1877-இல் ஜோஷி யாரிடமோ கேட்டு நின்றதை, 73 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியர்கள் தங்களுக்குத் தாங்களே வழங்கிக் கொண்டனர்.

முடிசூட்டுப் பூங்காவில் இன்று ஐந்தாம் ஜார்ஜின் சிலை அமைதியாக நிற்கிறது. அது சொல்லும் பாடம் பேரரசர்களுக்கு மட்டும் உரியதன்று. சமத்துவத்தைச் சட்டத்தில் எழுதிவிட்டு நடைமுறையில் மறுக்கும் எந்த ஆட்சியும், தன் குடிமக்களின் விசுவாசத்தை எத்தனை காலம் கேட்டுக் கொண்டிருக்க முடியும் என்பதே அந்தத் திடல் விட்டுச் சென்றிருக்கும் கேள்வி.